ஒட்டுக் கேட்ட மாமரம்

எங்கள் ஊர் தண்ணித்தொட்டிப் பூங்காவில் நிற்கிற மாமரம் ஐப்பசி அடைமழையில் பூத்து, மார்கழிப் பனியில் காய்த்து, தை பிறந்ததும் பழுத்து, பழத்தைத் தின்றவர் வாயால் தின்னாதவர் குரலைப் பேசவைத்த கதை இங்கே எல்லாருக்கும் தெரியும், பக்கத்து ஊர்க்காரர்கள் அதை நம்பாமல் சிரித்தாலும் எங்களுக்கு அதனால் குறைச்சல் ஒன்றுமில்லை, ஏனென்றால் நாங்கள் அந்தப் பழத்தைத் தின்றவர்கள், அதைவிடப் பெரிய விஷயம், கையில் வைத்துக்கொண்டே தின்னாமல் இருக்கவும் பழகியவர்கள்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்தது. சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் பூங்காவில் சென்சார் பெட்டிகள் வைக்க வந்தது. எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எந்த மூலையில் எவ்வளவு சத்தம் என்று கணக்கெடுத்து, பூங்கா என்பது மனிதருக்கு எதற்கு ஆகிறது என்று கண்டுபிடிப்பார்களாம். எங்களைக் கேட்டிருந்தால் ஒரு டீ நேரத்தில் சொல்லியிருப்போம். டிபன் பாக்ஸ் அளவில் சாம்பல் நிறப் பெட்டிகள் வந்தன, அவற்றை மாட்டக் கம்பங்கள் வந்தன, எறும்பு படித்தால் மட்டுமே புரிகிற எழுத்தில் ஒரு அறிவிப்புப் பலகையும் வந்தது. ஒரு பெட்டிக்கு மட்டும் கம்பம் குறைந்துபோயிற்று. திட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஹரிகோவிந்த் என்கிற இளைஞன் பூங்காத் தோட்டக்காரர் மாதையனுக்குப் போன் செய்து, "அண்ணா, மிச்சம் இருக்கற பெட்டிய அந்த மாமரத்துல ஒட்டி விட்டுடுங்க. பெட்டியோடவே டேப் இருக்கு" என்றான்.

அவன் சொன்னது பசைநாடாவால் ஒட்டுவதை. ஆனால் மாதையன் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள், அவர் வீட்டில் பிறந்த பிள்ளைகள் தவழும்போதே ஒட்டு மாங்கன்றுகளுக்கு நடுவில் தவழும், மரத்தில் ஒட்டு என்றால் அவர் குலத்துக்கே ஒரு பொருள்தான் உண்டு. பெட்டியைத் திருப்பிப் பார்த்தார், அதில் வால் போல ஒரு ஒயர் தொங்கியது, சரி, இதுதான் குச்சி என்று முடிவு செய்தார். மரத்தின் பட்டையைக் கீறி, ஒயரின் முனையைச் சீவி உள்ளே செருகி, அந்த டேப்பாலேயே காற்றுப் புகாமல் சுற்றி, மேலே சாணியும் செம்மண்ணும் பூசி, எந்த வேலையையும் முடித்ததும் சொல்வதுபோல "பிடிச்சுக்கோ சாமி" என்று மரத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அது வரைக்கும் ஒரு பிஞ்சுகூடப் பிடித்தறியாத மரம் அது. ஒட்டு பிடித்துக்கொண்டது.

அந்த ஐப்பசி மாதத்தில்தான் சாருமதி அந்த மரத்தடியில் ஒரு வார்த்தை சொன்னார். சாருமதியைத் தெரியாதவர் எங்கள் ஊரில் கிடையாது. ஊரில் வண்டி ஓட்டுகிற பெண்களில் பாதிப்பேர் அவருடைய ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் "கிளட்ச்சு, கிளட்ச்சு, ஐயோ கிளட்ச்சு!" என்ற அவர் குரலைக் கேட்டுக் கேட்டு வண்டி பழகியவர்கள், இன்றைக்கும் திருப்பத்தில் எதிரே லாரி வந்தால் அவர்கள் காதில் ஒலிப்பது அந்தக் குரல்தான். கணவர் போய் வெகுகாலம் ஆகிறது. ஒரே மகள் இளவேனில், எல்லாருக்கும் வேனி, கல்லூரியில் இரண்டாம் வருடம்.

கண்ணாடிக்கடை பூபாலன் நாற்பத்தெட்டு வயதில் கார் பழக வந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். மற்றதெல்லாம் நன்றாக வரும், எட்டுப் போடச் சொன்னால் மட்டும் ஏழாகவோ ஒன்பதாகவோ முடித்துவிடுவார். ஒருநாள் வகுப்பு முடிந்து மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மேடம், எனக்கு எட்டு நல்லாவே வருமுங்க. வந்துட்டா கிளாஸ் முடிஞ்சுருமேன்னுதான்..."

சாருமதிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்து முடித்ததும் கண் கலங்கியது, சுற்றிலும் பார்த்தார், யாருமில்லை. மழைச் சத்தத்தைவிட மெதுவாகச் சொன்னார். "எனக்கும் உங்களைப் பிடிச்சுத்தான் இருக்குதுங்க சார். ஆனா வேனிகிட்ட நான்தான் சொல்லணும். வேற யார் வாயிலிருந்தும் அவ இதைக் கேக்கக் கூடாது."

அதற்குக் காரணம் உண்டு. கணவர் விபத்தில் போன அன்று, தாய் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்து பள்ளிக்கூட வாசலை அடைவதற்குள், எவரோ ஒருவர் ஆறு வயதுக் குழந்தையிடம் "உங்கப்பா செத்துட்டாரு பாப்பா" என்று சொல்லியிருந்தார். இனி இந்தப் பெண்ணின் வாழ்க்கையில் பெரிய செய்தி எதுவும் என் வாயைத் தவிர வேறு வாயிலிருந்து வராது என்று சாருமதி அன்றைக்கு நினைத்தது நினைத்ததுதான். ஆனால் நினைப்பது வேறு, வாயைத் திறப்பது வேறு. லாரி டிரைவர்களையே அதட்டுகிற அந்த வாய், தினமும் இரவுச் சாப்பாட்டின்போது "வேனி" என்று ஆரம்பித்து, "சட்னி போதுமா?" என்று முடித்துக்கொண்டது.

இதற்கிடையில் மரம் பூத்தது. சாம்பல் பெட்டியின் மூலைகளில் தளிர் விட்டது, அதன் சின்னப் பச்சை விளக்கு இலைக்காம்பில் போய் மினுக்கியது, காலமில்லாத காலத்தில் கிளைக்குக் கிளை பூங்கொத்து. நாங்கள் அதை ஒரு வாரம் படம் எடுத்தோம், அப்புறம் பழகிவிட்டது. தை பிறந்து முதல் பழம் விழுந்தபோது அதை எடுத்துத் துடைத்து முதலில் கடித்தவர், நடைப்பயிற்சியாளர் சங்கத் தலைவர் துரைக்கண்ணு. அதில் எங்களுக்கு ஆச்சரியமில்லை. ஊரில் எந்த வீட்டில் என்ன குழம்பு, எந்த வீட்டில் என்ன சண்டை என்று முதலில் ருசி பார்ப்பவர் அவர்தான். கடித்தார், கண்ணை மூடி ரசித்தார், வாயைத் திறந்தார். அதிலிருந்து மருந்துக்கடைக்காரரின் கட்டைக் குரல் வந்தது. "இந்தத் துரைக்கண்ணுக்குக் கால் நடக்கறதவிட வாய்தான் அதிகமா நடக்குது."

பூங்காவில் தினமும் சிரிப்பு யோகா செய்கிறவர்கள் அன்றைக்குத்தான் நிஜமாகச் சிரித்தார்கள்.

பிறகு ஒரு வாரம் ஊர் ஊராக இல்லை. மரத்தடியில் யார் என்ன பேசியிருந்தார்களோ அதெல்லாம் பழமாகித் தொங்கியது, யார் பறித்துக் கடித்தாலும் பேசினவர் குரலிலேயே அச்சு அசலாக வந்தது. பால்காரர் வாயிலிருந்து ஹெட்மாஸ்டரின் காதல் வந்தது, போலீஸ்காரர் வாயிலிருந்து பரீட்சைக்குப் பயந்த குழந்தையின் அழுகை வந்தது, கல்யாணப் பெண் ஒருத்தி பழம் கடிக்கப்போய் வருங்கால மாமியார் அவளைப் பற்றி ஊரெல்லாம் சொன்ன புகழ்ச்சியைத் தன் வாயாலேயே சொல்லி வெட்கப்பட்டாள். எல்லாருக்கும் அடுத்தவர் பழம் வேண்டியிருந்தது, தன் பழம் மட்டும் யார் கையிலும் சிக்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால், பூங்காவில் பேசியதைப் போல நாங்கள் வீட்டில்கூடப் பேசியதில்லை.

சாருமதி காலையில் முதல் ஆளாகப் பூங்காவுக்குப் போய் விழுந்த பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எது தன்னுடையது என்று தெரியவில்லை. எவரோ ஒருவர் அதைக் கடித்து, தன் குரலிலேயே, தன் மகள் காதுபட அதைச் சொல்லிவிட்டால்? மறுபடியும் இன்னொருத்தர் வாயிலிருந்து அந்தப் பிள்ளை கேட்டுவிட்டால்? அவருக்கு எப்படித் தூக்கம் வரும்?

கூட்டம் போட்டோம். ஹரிகோவிந்தை வரச்சொன்னோம். வந்தவன் நல்ல பையன்தான், மரத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அவர்களுடைய கம்ப்யூட்டருக்கு இந்தப் பெட்டியிலிருந்து ஐப்பசி முதல் ஒரு எண்கூட வரவில்லை என்றும், அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிற அறையில் மட்டும் எந்நேரமும் மாம்பூ வாசம் அடிக்கிறது என்றும் சொன்னான். பிறகு மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். "நாங்க யார் பேரையும் எடுக்கறதில்லைங்க. பேரெல்லாம் நீக்கிட்டுத்தான் வெச்சிருப்போம்."

"பேரு எதுக்குத் தம்பி?" என்றார் மருந்துக்கடைக்காரர். "குரல் தெரியாதா?"

சாருமதி எழுந்தார். அவர் எழுந்தால் எங்கள் ஊரில் எல்லார் காலும் தன்னால் பிரேக்கைத் தேடும். "தம்பி, நாங்க பேசறதை நீங்க கேக்கறதுக்கு முன்னாடி, எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணுமில்ல?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. கேட்பதற்கு முன்னால் கேட்பது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான், மெல்லத் தலையைக் குனிந்தான், "கேட்டிருக்கணும்ங்க" என்றான். அன்றைக்கே கம்பங்களில் இருந்த பெட்டிகளை எல்லாம் தன் கையாலேயே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். மரத்தில் இருந்ததைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"பிடிச்ச ஒட்டைப் பிரிக்க முடியாதுங்க" என்றார் மாதையன், வருத்தமும் பெருமையுமாக. "பிரிச்சா மரம் பட்டுப்போயிரும்."

மரத்தையே வெட்டிவிடலாம் என்று ஒரு குரல் வந்தது. காய்த்துத் தொங்குகிற மரத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னவர் யார் என்று நாங்கள் திரும்பிப் பார்த்ததில் அவரே அதை வாபஸ் வாங்கிக்கொண்டார். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து வேனி பேசினாள். அவள் கையில் ஒரு பழம் இருந்தது. மாம்பழத்தைக் காம்போரம் முகர்ந்து பார்க்காமல் தின்கிற ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது, அவளும் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல தைல வாசம் அடிக்குது. நம்ம ஹெட்மாஸ்டர் வாசம். பேசினவங்க வாசம் பழத்துலயே இருக்குது, எல்லாரும் கொஞ்சம் மோந்து பாருங்க" என்றாள். எல்லாரும் கையிலிருந்ததை மூக்கருகே கொண்டுபோனோம். ஆமாம், ஒன்றில் மூக்குப்பொடி, ஒன்றில் மருதாணி, ஒன்றில் பள்ளிக்கூடச் சாக்பீஸ். "யாருதுன்னு தெரிஞ்சுருச்சில்ல? அப்ப கடிக்காம அவங்ககிட்டயே குடுத்துடலாமே" என்றாள் வேனி, ஹெட்மாஸ்டரிடம் போய் இரண்டு கையாலும் பழத்தைக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

சாருமதி மகளைப் பார்த்தார். பெருமையாக இருந்தது, அதே நிமிடம் பயமும் வந்தது. தன் பழத்தில் என்ன வாசம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பெட்ரோலும் மரிக்கொழுந்தும். அந்தச் சேர்க்கை ஊரில் வேறு யாருக்கும் கிடையாது.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்வதென்றால் எங்களுக்கு இன்றைக்கும் முகம் மலர்கிறது. பொழுது விடிந்ததும் நடைப்பயிற்சிக்கு வருகிற கூட்டம் மரத்தடியில் பழம் பொறுக்கும், முகர்ந்து பார்க்கும், "இது தையல்கடை அக்காவுது", "இது கேஸ் சிலிண்டர் அண்ணனுது" என்று ஆளுக்கொரு திசையில் கிளம்பும், நடையும் ஆயிற்று, பழம் சேர்த்த புண்ணியமும் ஆயிற்று. ஜென்மப் பகைக்காரன் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்களுது, கடிக்கலை" என்று நீட்டினால் அவன் உள்ளே வந்து காபி குடியுங்கள் என்னாமல் எப்படி இருப்பான்? பெண் பார்க்கப் போகிறவர்கள் சம்பளம் விசாரிப்பதை விட்டுவிட்டு, "குடும்பம் எப்படிங்க, கடிக்காத குடும்பந்தானே?" என்று விசாரித்தார்கள். ஹரிகோவிந்தின் பழம்கூட ஒன்று கிடைத்தது, சென்னைக்கு அனுப்பிவைத்தோம். அவன் அதைக் கடித்தபோது, ஐப்பசியில் கம்பத்துப் பெட்டிகளைச் சரிபார்க்க வந்த நாளில் பட்டினியோடு மரத்தடியில் நின்று போனில் சொன்ன "சாப்ட்டேன்மா" என்ற பொய் அவன் வாயிலிருந்தே வந்ததாம். உடனே லீவு போட்டு அம்மாவைப் பார்க்கப் போனான்.

இன்னொரு விஷயத்தையும் கண்டுகொண்டோம். மருந்துக்கடைக்காரருடைய இரண்டாவது பழம் இன்னும் மரத்தில் இருந்தது, அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், பயந்துபோய் முந்திக்கொண்டு மனைவியிடம் சொல்லிவிட்டார். "உன் ரசம் எனக்குக் கல்யாணம் ஆன நாள்லருந்தே பிடிக்காது." அந்த அம்மா, "அப்பாடா, எனக்கும் வெக்கப் பிடிக்காது. உங்களுக்காகத்தான வெச்சுட்டு இருந்தேன்" என்றார். மறுநாள் பழம் விழுந்தது, கடித்தார், குரல் வரவில்லை, வெறும் பழம். சொல்ல வேண்டியவர் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லிவிட்டால் பழத்துக்கு வேலை இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

சாருமதியும் அதைக் கேட்டார். வழி தெரிந்துவிட்டது, வாய்தான் திறக்கவில்லை. அன்று இரவும் "வேனி" என்றார். வேனி நிமிர்ந்தாள். "சட்னி போதுமா?"

மரத்தில் பழங்கள் குறைந்துகொண்டே வந்தன. உரக்கச் சொன்னவை முதலில் பழுத்தன, மெதுவாகச் சொன்னவை மெதுவாகப் பழுத்தன. கடைசியில் உச்சிக்கிளையில் ஒரே ஒரு பழம் மிஞ்சியது. பூபாலன் தினமும் கடையைத் திறக்கும் முன் வந்து அதை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். பறித்துத் தருகிறேன் என்று மாதையன் ஏறியும் பார்த்தார், கிளை பழத்தை விடவில்லை. துரைக்கண்ணுவும் தினமும் வந்தார். கடைசிப் பழத்தில் என்ன இருக்கும் என்று அவருக்கு நாக்கு அரித்தது.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்தப் பழம் விழுந்தது, விழுந்தது வேறு யார் காலடியிலும் இல்லை, துரைக்கண்ணுவின் காலடியில்தான். குனிந்து எடுத்தார். முகர்ந்தார். பெட்ரோல், மரிக்கொழுந்து. அக்கம்பக்கத்தில் யாருமில்லை. ஊரில் எல்லார் கதையும் தெரிந்த மனிதருக்குத் தெரியாத ஒரே கதை சாருமதியின் கதை, அது இப்போது கனிந்து மஞ்சளாகி அவர் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. வாயருகே கொண்டுபோனார், இறக்கினார், மறுபடி கொண்டுபோனார், இதையெல்லாம் நாங்கள் தூரத்து பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பழத்தை மேல்துண்டில் சுற்றி, தன்னையே நம்பாதவர்போலக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார், வழியில் பால் வாங்க வந்த வேனியைக் கண்டதும் அவள் கையில் திணித்தார்.

"உங்கம்மாளுது கண்ணு. நான் கடிக்கலை, சத்தியமா. சீக்கிரம் கொண்டு போயிரு, எனக்கு மனசு மாறிரும்."

எங்கள் சங்கத்துக்கு அவரை நாங்கள் உண்மையில் தலைவராக ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

வேனி பழத்தோடு நடந்தாள். அம்மா மாதக்கணக்கில் எதையோ சொல்ல வந்து விழுங்குவதை அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். உடம்புக்கு ஏதோ வந்திருக்கிறது, நமக்குத் தெரியக் கூடாதென்று மறைக்கிறாள் என்று நினைத்து நினைத்துப் பயந்துபோயிருந்தாள். அந்தப் பயத்துக்குப் பதில் இப்போது கையில் இருந்தது. ஒரே ஒரு கடி. எதுவாக இருந்தாலும் தெரிந்துவிடும். தெருமுனையில் நின்றாள், பழத்தை முகர்ந்தாள், அம்மா வாசம் அடித்தது, அவளுக்கு அழுகை வந்தது. பள்ளிக்கூட வாசலும், முகம் மறந்துபோன அந்த மனிதரின் வாயும் ஞாபகம் வந்தன. கடிக்கவில்லை.

வீட்டில் சாருமதி ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். வேனி பழத்தை அவர் முன்னால் சீட்டின்மேல் வைத்தாள்.

"துரைக்கண்ணு மாமா குடுத்தாரு. அவரும் கடிக்கலை, நானும் கடிக்கலை."

சாருமதியின் கையிலிருந்து ஓஸ் பைப் நழுவியது. தண்ணீர் அதுபாட்டுக்கு வாசலில் ஓடியது.

"அம்மா," என்றாள் வேனி, அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடி, "கேக்கட்டுமா?"

எங்கள் மொழியில் அந்த ஒரு சொல்லில் இரண்டும் இருக்கிறது. என்னவென்று விசாரிக்கட்டுமா, நீ சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்கட்டுமா. அவள் இரண்டையும்தான் கேட்டாள்.

சாருமதி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். பழத்தைத் தொடவில்லை. "உடம்புக்கு ஒண்ணுமில்ல கண்ணு, பயப்படாத" என்றார் முதலில். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, முதன்முறை ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர் மாதிரி, ஒரே மூச்சில் சொன்னார். "கண்ணாடிக்கடைக்காரர் பூபாலன் இருக்காரில்ல, அவரை எனக்குப் பிடிச்சிருக்குது. அவருக்கும் என்னைப் பிடிச்சிருக்குது. இதை நீ எங்கிட்டத்தான் கேக்கணும்னு இருந்தேன். நீ வேண்டாம்னா வேண்டாம்."

தண்ணீர் தெருவரை போய்விட்டது.

"அந்த எட்டுப் போடத் தெரியாதவரா?"

"அதெல்லாம் நல்லாத் தெரியும்" என்றார் சாருமதி, கண்ணை மூடியபடியே.

வேனிக்குப் புரிந்தது. புரிந்ததும் வந்த சிரிப்பில் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள், சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அம்மாவின் ஈரக்கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "நீயே சொல்லிட்டம்மா" என்றாள். "நீயே சொல்லிட்ட." சாருமதி மகளின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

இப்போது பூங்காவில் எறும்பெழுத்துப் பலகை இல்லை. நாங்களே பெரிதாக எழுதிவைத்திருக்கிறோம்: இந்த மரம் கேட்கும், தெரிந்து பேசவும், பழத்தைக் கடிக்காமல் உரியவரிடம் சேர்க்கவும். பூபாலன் அடுத்த வாரமே ஆர்.டி.ஓ. ஆபீசில் முத்து முத்தாக எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தண்ணீரை நிறுத்திவிட்டு, வேனி பழத்தை இரண்டாக அரிந்து பெரிய பாதியை அம்மாவுக்குக் கொடுத்தாள். இருவரும் ஒரே நேரத்தில் கடித்தார்கள். கடித்துவிட்டு, சாறு மணிக்கட்டில் வழிய, ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக் காத்திருந்தார்கள். எந்தக் குரலும் வரவில்லை. நல்ல இனிப்பு. பழுத்துக் கனிந்த சாதாரண மாம்பழம், சாருமதியின் வாயில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை.